டாக் ஷெல்டர் திரை: துணி தேர்வது முதல் மாட்டுவது வரை

கிடங்கு வாசலில் லாரி பின்னோக்கி வந்து நிற்கும்போது, சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஓர் இடைவெளி விழும். அதை மூடுவதற்கான அமைப்புதான் டாக் ஷெல்டர். சுவரிலிருந்து முன்னே நீளும் ஒரு சட்டம், அதன் முகப்பில் மேலே ஒரு திரை, இரு பக்கமும் இரண்டு திரைகள். மழையும் தூசியும் உள்ளே வராமல் தடுப்பதும், குளிர்பதனக் கிடங்காக இருந்தால் குளிர்ந்த காற்று வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை. நுரைத் திண்டுகளை வண்டி அழுத்திக்கொண்டு நிற்கும் வகைக்கு டாக் சீல் என்று பெயர். துணி பற்றிச் சொல்லப்போகும் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

திரை கிழிந்ததும் பலரும் கேட்பது, "இருப்பதிலேயே தடிமனான துணி எது?" என்றுதான். கேள்வியே சரியில்லை. மிகத் தடித்த துணி விறைத்து நிற்கும். வண்டியின் பக்கவாட்டில் படியாது. மடியும் இடத்தில் சீக்கிரம் வெடிக்கும். ஒரே ஷெல்டரில் உராயும் இடம் உண்டு, மடியும் இடம் உண்டு, வெறுமனே மழையையும் வெயிலையும் தாங்கும் இடமும் உண்டு. மூன்றுக்கும் ஒரே துணியைப் போடுவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. பக்கத்திரை ஒன்றைப் புதிதாகச் செய்து மாட்டுவதாக வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பழைய திரையைப் பாருங்கள்

கழற்றிய திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தரையில் விரித்துப் போட்டு, எங்கே எப்படி வீணாகியிருக்கிறது என்று பாருங்கள். பூச்சு தேய்ந்து உள்ளேயிருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தால், அது உராய்வு. பூச்சில் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் ஓடினால், துணி விறைத்துப்போய் மடிப்பில் உடைந்திருக்கிறது. நேர்கோட்டில் ஒரே கிழிசல் என்றால் வண்டிக் கதவின் கீலோ தாழ்ப்பாளோ மாட்டி இழுத்திருக்கும். தையல் மட்டும் விட்டுப்போயிருந்தால் குற்றம் துணியுடையது அல்ல, நூலுடையது.

உராய்வு என்றதும் லாரி உள்ளே வரும்போது தேய்வதாகத்தான் தோன்றும். பெரும்பகுதி தேய்மானம் வண்டி நின்ற பிறகுதான் நடக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் டிரெய்லருக்குள் ஏறும்போது அதன் எடையால் டிரெய்லரின் பின்புறம் தாழும். இறங்கி வந்ததும் மேலெழும். 13.6 மீட்டர் நீள டிரெய்லரில் 33 யூரோ பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள்) தரையில் பிடிக்கும். ஒவ்வொன்றாக ஏற்றினால் 33 முறை தாழ்வு, 33 முறை ஏற்றம். திரையின் ஒரே பட்டையில், ஒரே வண்டியால், அத்தனை தேய்ப்பு. அந்தப் பட்டை எங்கே விழுகிறது என்பதைப் பழைய திரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, சட்டத்தின் அடியிலிருந்து அதன் உயரத்தை எழுதி வையுங்கள். படி 6இல் இது வேண்டும்.

படி 2: பூச்சைத் தீர்மானியுங்கள்

பூசிய துணியில் இரண்டு பகுதிகள்: நடுவே நெய்த துணி, இருபுறமும் பூச்சு. இழுவையைத் தாங்குவது நெசவு. தேய்மானத்தையும் மழையையும் வெயிலையும் தாங்குவது பூச்சு.

பரவலாகக் கிடைப்பது பிவிசி பூசிய பாலியஸ்டர். விலை குறைவு, சூடுகாட்டி ஒட்டலாம், பல நிறங்களில் வரும். அதன் பலவீனம் மென்மையூட்டி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைப்பது உள்ளே கலக்கும் மென்மையூட்டிதான். வெயிலிலும் ஆண்டுகள் ஓட ஓட அது மெல்ல வெளியேற, துணி விறைத்து வெடிக்கிறது. கடுங்குளிரிலும் விறைக்கும். எனவே வாங்கும்போது எத்தனை டிகிரி வரை வெடிக்காது என்பதைத் தரவுத்தாளில் பாருங்கள்.

நியோபிரீன் பூசிய நைலான் குளிரில் நன்றாக வளையும், தேய்மானத்தையும் தாங்கும். ஆனால் அது ரப்பர். சூடுகாட்டி ஒட்ட முடியாது. வெயிலுக்கும் ஓசோனுக்கும் அதைவிட உறுதியானது சிஎஸ்எம், அதாவது குளோரோசல்ஃபனேட்டட் பாலிஎதிலீன் என்ற ரப்பர். பழைய ஆட்கள் இதை ஹைப்பலான் என்பார்கள். அது டூபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்நிறுவனம் 2010இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று யாராவது ஹைப்பலான் என்று சொல்லி விற்றால், யார் தயாரித்த சிஎஸ்எம் என்று கேளுங்கள். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் பூச்சு, அதாவது டிபியு, தேய்மானத்தில் பிவிசியை மிஞ்சும், குளிரிலும் வளையும், சூட்டில் ஒட்டவும் செய்யும். விலை மட்டும் உறுத்தும்.

என் கணக்கு எளிமையானது: திரையின் உடலுக்குப் பிவிசி, உராயும் பட்டைக்கு டிபியு அல்லது ரப்பர் பூச்சு. கடுங்குளிர்ப் பகுதியில் முழுத்திரைக்குமே ரப்பர் பூச்சை யோசிக்கலாம்.

பழைய திரை எந்தப் பூச்சு என்று தெரியவில்லையா? செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துணியில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டி, பச்சைச் சுடர் வந்தால் பிவிசி என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சுடர் காட்டுவது குளோரின் இருப்பதை. நியோபிரீனிலும் சிஎஸ்எம்மிலும்கூடக் குளோரின் உண்டு என்பதால் இங்கே அது உதவாது. காற்றோட்டமான இடத்தில் ஒரு சிறு துண்டின் மூலையில் சூடான காற்றைக் காட்டுங்கள். இளகி ஒட்டும் தன்மைக்கு வந்தால் பிவிசி அல்லது டிபியு. இளகாமல் அப்படியே இருந்து கருகத் தொடங்கினால் ரப்பர் வகை.

படி 3: எடையும் நெசவும்

துணியின் எடையைச் சதுர மீட்டருக்குக் கிராம் கணக்கிலோ, சதுர கெஜத்துக்கு அவுன்ஸ் கணக்கிலோ குறிப்பிடுவார்கள். சதுர கெஜத்துக்கு 1 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். 22 அவுன்ஸ் துணி சுமார் 745 கிராம். 40 அவுன்ஸ் துணி சுமார் 1,350 கிராம். மழையை மட்டும் தடுக்கும் கூரைப் பகுதிக்கும் பக்கச் சுவருக்கும் முதல் வகை போதும். வண்டி தொடும் முகப்புத் திரைக்கு இரண்டாவது.

எடை கூடுதல் என்பதாலேயே வலிமை கூடுதல் என்று எண்ணிவிட வேண்டாம். மலிவான பூச்சைக் கனமாக அப்பி எடை கூட்டுவது எளிது. தரவுத்தாளில் இழுவலிமையும் கிழிவலிமையும் பாவு (நீளவாட்டு நூல்), ஊடு (குறுக்கு நூல்) இரண்டு திசைக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 1421 இழுவலிமைக்கும், ஐஎஸ்ஓ 4674-1 கிழிவலிமைக்கும், ஐஎஸ்ஓ 2411 பூச்சு நெசவோடு எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதற்கும் உள்ள சோதனை முறைகள். இந்த எண்கள் எதுவும் இல்லாமல் வெறும் "ஹெவி டியூட்டி" என்று அச்சிட்ட தாளை மடித்து ஓரமாக வைத்துவிடலாம்.

படி 4: மாதிரித் துண்டை வதையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். விற்பவரிடம் இரண்டு கை அகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில், ஒரு பகுதியை மடித்துக் கிளிப் போட்டு, உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்த கையோடு சடாரென்று விரியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலே யோசிக்க வேண்டும். வெடிப்பு விழுந்தால் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கூரிய கத்தியால் பூச்சை மட்டும் கீறி, நகத்தால் உரித்துப் பாருங்கள். நல்ல துணியில் பூச்சு துணுக்குத் துணுக்காக வரும். தோல்போல நீளமாக உரிந்தால் நெசவில் பிடிப்பு இல்லை என்று பொருள்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் நீல மையும் கலந்து, துணியின் வெட்டிய விளிம்பு நனையும்படி இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். மறுநாள் நீர்மட்டத்துக்கு மேலே துணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பூச்சுக்கு நடுவே நூல்கள் நீலமாகியிருந்தால், அத்தனை உயரத்துக்கு நூல் தண்ணீரை உறிஞ்சி ஏற்றியிருக்கிறது. திரையின் அடிவிளிம்பிலும் நாளை இதுதான் நடக்கும்: ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும், பூச்சு உள்ளிருந்து கழன்றுவரும். ஓரளவு ஏறுவதை விளிம்பை மூடிச் சமாளிக்கலாம். விரல் நீளத்துக்கு ஏறினால் வேறு துணி பாருங்கள்.

படி 5: அளவெடுத்து வெட்டுங்கள்

இரு பக்கத்திரைகளுக்கும் நடுவேயுள்ள திறப்பு வண்டியின் அகலத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அப்போதுதான் திரை வளைந்து வண்டியின் பக்கத்தில் படியும். வண்டி 2.55 மீட்டர், திறப்பு 2.2 மீட்டர் என்றால், பக்கத்துக்கு 17.5 செ.மீ. திரை வளையும். பழைய திரையின் அளவை அப்படியே எடுப்பதற்கு முன், இப்போது வரும் வண்டிகளுக்கு அது பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

துணியில் எந்தத் திசை விறைப்பு, எந்தத் திசை இளக்கம் என்று கையால் வளைத்தே கண்டுபிடிக்கலாம். முகப்புத் திரைக்கென்றே செய்த துணிகளில் ஒரு திசையில் தடித்த ஒற்றை இழைகளை ஓட்டியிருப்பார்கள். வண்டி வளைத்துவிட்டுப் போனதும் திரையை நிமிர்த்துவது அந்த இழைதான். பக்கத்திரையில் அது கிடைமட்டமாகவும், மேல்திரையில் செங்குத்தாகவும் வர வேண்டும். திசை மாறி வெட்டிய திரை சில மாதங்களில் தொங்கிப்போகும்.

படி 6: ஒட்டும் தையலும்

பிவிசியை வெப்பக்காற்றுக் கருவியால் ஒட்டுவதே நல்லது. தையல் ஊசி போடும் ஒவ்வொரு துளையும் ஈரம் நுழையும் வழி. ஒட்டும் பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மேலே பிவிடிஎஃப் (ஃபுளோரின் கலந்த ஒரு பிளாஸ்டிக்) மெருகு பூசிய துணி என்றால் அதை உப்புத்தாளால் தேய்த்தெடுக்காமல் ஒட்டாது. 4 செ.மீ. மேற்படிய வைத்து, முதலில் உள்விளிம்பை ஆங்காங்கே பிடிக்கவைத்து, பிறகு வாய்க்குழலை இரண்டு அடுக்குக்கும் நடுவே நகர்த்திக்கொண்டே சிலிக்கான் உருளையால் அழுத்திச் செல்லுங்கள். புகை எழுந்தால் சூடு அதிகம். கருகும் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கதவு சன்னல்களைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

முதலில் வெட்டுத் துண்டுகளில் ஒட்டி, முற்றிலும் ஆறியபின் இழுத்துப் பிரித்துப் பாருங்கள். பூச்சு பிய்ந்து நூல் தெரிந்தால் ஒட்டு சரி. இரண்டு பளபளப்பான பரப்புகளாகப் பிரிந்தால் சூடு போதவில்லை, அல்லது கை வேகமாக நகர்ந்திருக்கிறது. வெப்பநிலை எண்ணைவிட இந்தச் சோதனையை நம்புங்கள்.

ரப்பர் பூச்சாக இருந்தால் இரு பரப்பையும் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் காண்டாக்ட் பசை பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். விளிம்பில் தையலும் போடலாம். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நூல் வெயிலில் விரைவில் நொறுங்கும்.

இனி உராய்வுப் பட்டைகள். படி 1இல் குறித்த உயரத்தில், அகலமான ஒற்றைத் துண்டுக்குப் பதிலாகச் சிறு சிறு துண்டுகளை, கூரை ஓடு வேய்வதுபோல மேல் துண்டு கீழ் துண்டின்மேல் படியுமாறு, மேல்விளிம்பில் மட்டும் பொருத்துங்கள். அவை வண்டியோடு சற்றே அசைந்து கொடுக்கும். தேய்ந்த துண்டை மட்டும் மாற்றலாம். திரையைத் தொட வேண்டியதில்லை. திரையின் அடிவிளிம்பை மடித்து ஒட்டி மூடுங்கள். ஓட்டுநர் நேராக வர உதவும் மஞ்சள் கோட்டைப் பெயின்டால் போடாமல், மஞ்சள் துணிப் பட்டையாகவே ஒட்டிவிடுங்கள்; பெயின்ட் உரிந்துவிடும்.

படி 7: மாட்டுதல்

துணியில் துளையிட்டு நேரடியாகப் போல்ட் போட்டால் அந்தத் துளையிலிருந்தே கிழியும். துணியின்மேல் ஓர் அலுமினியப் பட்டை வைத்து, விளிம்பு முழுக்கச் சீராக அழுத்தும்படி முடுக்குங்கள். மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம்.

பராமரிப்புக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னரும் பெட்ரோலும் கறையோடு மென்மையூட்டியையும் சேர்த்தே எடுத்துவிடும்.

புதுத் திரை மாட்டிய அன்றே சுவரிலுள்ள ரப்பர் பம்பர்களையும் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் வண்டி சுவருக்கு அவ்வளவு கிட்டே வந்து, திரையை மடக்குவதோடு நிற்காமல் சட்டத்தையே நசுக்கும். அப்போது எந்தத் துணியும் தாங்காது. பம்பரை முதலில் மாற்றிவிட்டு, பிறகு லாரியை உள்ளே விடுங்கள்.