வள்ளம் கரையில் கிடந்தால் இயலளவு குறைந்துவிட்டதா?

2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் திருகோணமலைக் கரையோரம் வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கிடந்தன. ஆகஸ்டில் லீற்றர் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த ஆண்டு இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியும் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்ததும் ‘உற்பத்தி இயலளவு குறைந்தது’, அதாவது இருக்கும் ஆளையும் கருவியையும் வைத்து ஆகக்கூடியது எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதே குறைந்தது, என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் முதல் பிழை. வள்ளமும் வலையும் அப்படியே இருந்தன, தொழில் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எண்ணெய் வந்தால் மறுநாளே தொழிலுக்குப் போயிருக்கலாம். இந்த இயலளவின் எல்லையைக் காட்டும் கோடுதான் உற்பத்திச் சாத்திய வளையி. அது இருந்த இடத்திலேயே இருக்க, உண்மையில் நடந்த உற்பத்தியைக் காட்டும் புள்ளி மட்டும் அதற்குள்ளே இறங்கியது.

சரி, காத்திருந்து களைத்தவர் எஞ்சினை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டால்? அப்போது வளையியே உள்ளே நகர்கிறது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அவர்கள் அனுப்பும் காசில் வீடு நடக்கிறது, நாட்டுக்கும் டொலர் வருகிறது. அதை வைத்து இழப்பே இல்லை என்று கணக்கு முடிப்பது அடுத்த பிழை. நீரோட்டம் பார்த்து வலை விடத் தெரிந்த ஒருவர் உருவாகப் பல வருடம் வேண்டும். அனுப்பும் காசில் அந்தப் பழக்கம் வராது. எனக்கு எண்ணெய்த் தட்டுப்பாட்டைவிட இதுதான் பெரிய கவலை.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கும் கட்டட வேலை. அந்த வேலையெல்லாம் உற்பத்திக் கணக்கில் ஏறும், அலை அடித்துப்போன வள்ளமும் வீடும் அதில் கழிபடாது. அதனால் மீளக் கட்டுவதை வளர்ச்சி என்று எழுதும்போது கவனம் வேண்டும். பழையதைவிட நல்ல எஞ்சினோ ஐஸ் வசதியோ வந்திருந்தால், அந்த அளவுக்குத்தான் இயலளவு கூடியிருக்கும். பணத்தை அச்சிட்டுச் செலவைக் கூட்டினாலும் இதே கதைதான்: ஆளும் கருவியும் சும்மா இருந்தால் உற்பத்தி கொஞ்சம் ஏறும், இல்லாவிட்டால் விலைதான் ஏறும்.

அப்புறம் திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் கட்டியவற்றில் 99 நிற்கின்றன, பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பாவனையில் இல்லை. அத்தனையையும் இன்றைய இயலளவில் சேர்த்து எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் 61 தாங்கிகளைக் கூட்டாக அபிவிருத்தி செய்ய ஒப்பந்தம் கையெழுத்தானது. துரு நீக்கி, குழாய் பொருத்தி, பம்பி ஓடி, உள்ளே எண்ணெய் நிரப்பும் நிலை வந்த பிறகுதான் அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியும்.