ஆர்கனோட கொயர் ப்ராக்டிஸ், எங்க சொதப்பும்னு பாருங்க

சர்ச் கொயர் (பாடகர் குழு) ப்ராக்டிஸ்ல முதல் நாளே ஆர்கனைப் போட்டுடாதீங்க. அதோட சத்தத்துல பாட்டுக்காரங்க தப்பெல்லாம் மறைஞ்சு போயிடும், எல்லாரும் நல்லா பாடுறதா நினைச்சுக்குவோம். முதல்ல கீபோர்டுல நோட் மட்டும் குடுத்து சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு மேல இருந்து கீழ வர்ற நாலு குரலையும் தனித்தனியா பாட வைங்க, அப்புறம் பாஸும் சொப்ரானோவும் சேத்து, கடைசியா நாலும்.

ஆர்கன் சேரும்போது 8 அடி ஃப்ளூட் ஸ்டாப் (மென்மையான சத்தம் தர்ற ஆர்கன் குமிழ்) ஒண்ணு போதும், மிக்ஸ்சர், ரீட் மாதிரி பளிச்சுன்னு கேக்குற ஸ்டாப் எல்லாம் பாட்டு நல்லா செட் ஆனப்புறம் பாத்துக்கலாம்.

பெரிய தலைவலி டைமிங்தான். சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், அதனால 17 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கிற ஆர்கனிஸ்டுக்கு உங்க குரல் 0.05 செகண்ட் லேட்டாதான் கேக்கும், அவர் அதைக் கேட்டுட்டு வாசிச்சா அது திரும்பி வர்றதுக்குள்ள இன்னும் லேட், இப்படியே பாட்டு இழுத்துக்கிட்டே போகும். காதை நம்பாம, கொயரை நடத்துறவர் கையைப் பாக்கச் சொல்லுங்க, அது அவருக்குத் தெரியுற மாதிரி முகம் பாக்குற கண்ணாடியோ சின்ன கேமராவோ வைங்க.

ஆர்கன் மூச்சு விடாது, நாம விடணுமே! வரி முடியுற இடத்துல எல்லார் பேப்பர்லயும் மூச்சு விடுற இடம்னு பென்சில்ல ஒரு கமா, ஆர்கனிஸ்ட் பேப்பர்லயும்தான், அங்க அவரும் கையைத் தூக்கணும்.

கடைசி ப்ராக்டிஸ் சர்ச்சுக்குள்ளயே வைங்க. ஒருத்தர் பின்வரிசைல நின்னு வார்த்தை புரியுதான்னு கேக்கட்டும், புரியலன்னா ஆர்கனைக் குறைங்க, பாடுறவங்களைக் கத்தச் சொல்லாதீங்க.