நினைவு இசை உதவித்தொகையை நிறுவும் முறை

மறைந்த ஒருவரின் பெயரில் வசதியற்ற பிள்ளைகளின் இசைக்கல்விக்கு உதவித்தொகை நிறுவ விரும்புவோர், முதலில் அருகிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, அங்கே 3 ஆண்டுகள் நாகசுரமோ தவிலோ குரலிசையோ பயிலும் மாணவர்களுக்கு உண்மையில் எது தடையாக இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் அது கட்டணமாக இராது. வீட்டில் சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, செய்யச் சொந்த வாத்தியம் இல்லாமையும் பேருந்துச் செலவுமே படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. வாத்தியம் வாங்கித் தந்த பின்னும் செலவு தொடரும்: வாயில் வைத்து ஊதும், நாணல் தட்டையாலான சீவாளி நைந்துபோனால் நாகசுரம் பேசாது, மிருதங்கத்தின் தோலையும் அவ்வப்போது மாற்றியாக வேண்டும். ஆகவே மூலதனத்தை வங்கியில் நிரந்தர வைப்பாக இட்டு, அதன் வட்டியிலிருந்து இச்செலவுகளைப் படிப்பு முடியும்வரை ஏற்பதே நல்லது. பயனாளியைத் தேர்ந்தெடுக்கையில் பரிசுச் சான்றிதழ்களைவிட ஆசிரியர் கூறும் விடாமுயற்சிக்கே மதிப்பளியுங்கள். எக்காரணம் கொண்டும் பிள்ளையை மேடையேற்றி அதன் வறுமையை விவரிக்கச் செய்யாதீர்கள்.