எஃகு மந்தமானால் கப்பலும் மந்தமா? புதியவர்கள் இடறும் இடங்கள்

சரக்குக் கப்பல் வாடகையைக் கணிக்கும் எங்கள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் தன் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். எஃகு உற்பத்தி 2% குறையும், அதனால் இரும்புத் தாது 2% குறையும், அதனால் கப்பல் தேவையும் 2% குறையும். மூன்று வரி, மூன்றிலும் ஒரே எண். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நான் போட்ட தாளும் இதேதான்.

டாலரையும் டன்னையும் மாற்றி எழுதுகிற பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள்.

எஃகிலிருந்து கப்பலுக்கு நேர்கோடு போடுவது

என் கையைச் சுட்டது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2015இல் சீனாவின் எஃகு உற்பத்தி சுமார் 2% குறைந்தது. தாது இறக்குமதி குறையும், கப்பல் வாடகை விழும் என்று எழுதிக் கொடுத்தேன். வாடகை விழுந்தது. தாது, நிலக்கரி, தானியம் ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் குறியீடான பால்டிக் டிரை இண்டெக்ஸ் 2016 பிப்ரவரியில் 290க்கு இறங்கியது. அதுவரை காணாத அடிமட்டம். அலுவலகத்தில் தட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால் தாது இறக்குமதி குறையவே இல்லை. 2015இல் அது 95 கோடி டன்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைவிட அதிகம். தாது விலை சரிந்துகொண்டே போய் டிசம்பரில் டன்னுக்கு 40 டாலருக்கும் கீழே வந்தது. சீனாவின் சொந்தச் சுரங்கங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அங்குள்ள தாதுவில் இரும்பு குறைவு, செலவு அதிகம். அந்த இடத்தை வெளிநாட்டுத் தாது பிடித்துக்கொண்டது. அப்படியானால் வாடகை ஏன் விழுந்தது? நல்ல காலத்தில் ஆர்டர் கொடுத்த கப்பல்கள் வரிசையாகக் கடலில் இறங்கியிருந்தன. என் விடை சரி, வழி தப்பு. விடை சரியாக இருந்ததால் வழியை யாரும் கிளறவில்லை, நான் உட்பட.

2018 கடைசியில் அதே தாளைத் திருப்பிப் போட்டேன். எஃகு ஏறுகிறது, கப்பலும் ஏறும். என் பேச்சை நம்பி நிறுவனம் தாது ஏற்றும் பெரிய ரகமான கேப்சைஸ் கப்பல் ஒன்றை ஓராண்டு வாடகைக்கு எடுத்தது. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே பல சுரங்கங்களில் வேலை நின்றது, ஏற்றுமதி சுருங்கியது. சீன எஃகு அந்த ஆண்டும் வளர்ந்தது. தாது விலை ஜூலையில் 120 டாலரைத் தாண்டியது. எங்கள் கப்பலோ மார்ச் மாதம் நாங்கள் கட்டிய தின வாடகையில் பாதியைக்கூடச் சம்பாதிக்கவில்லை.

அணை உடையும் என்று யார் கண்டார்கள், சரி. என் எரிச்சல் அதில் இல்லை. என் தாளில் தூரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை, எரிச்சல் அதில்தான். ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லாண்டிலிருந்து சீனாவின் சிங்தாவுக்கு இரண்டு வாரத்துக்குள் போய்விடலாம். பிரேசிலின் துபரோவிலிருந்து என்றால் ஐந்து வாரம் தாண்டும். பிரேசில் சரக்கு ஒரு டன் நின்றால் கப்பல்காரருக்கு அது ஏறக்குறைய மூன்று ஆஸ்திரேலிய டன் நின்ற மாதிரி. டன்னை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது, டன்னைத் தூரத்தால் பெருக்கிய டன்-மைல் பார்க்க வேண்டும்.

இப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் சிமாண்டு சுரங்கத்திலிருந்து 2025 இறுதியில் ஏற்றுமதி தொடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 12 கோடி டன் வரை போவது திட்டம். அங்கிருந்து சீனா கிட்டத்தட்ட பிரேசில் தூரம். எஃகு மந்தமாக இருக்கும்போதே அந்தத் தாது ஆஸ்திரேலியத் தாதுவைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் கப்பல் தேவை கூடத்தான் செய்யும். தம்பியின் மூன்று வரியில் இதை எங்கே எழுதுவது என்று கேட்டேன். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விலை விழுந்ததும் பெரிய சுரங்கம் மூடும் என்று காத்திருப்பது

மூடும், ஆனால் நீங்கள் நினைக்கிற சுரங்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் இருக்கும் பெரிய சுரங்கங்களுக்கு ரயில் பாதையும் துறைமுகமும் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. எவ்வளவு அதிகம் தோண்டுகிறார்களோ அவ்வளவுக்கு டன் ஒன்றின் செலவு இறங்கும். அதனால் விலை விழும்போது அங்கே உற்பத்தி கூடுவதும் உண்டு. முதலில் படுப்பது செலவு அதிகமான சிறிய சுரங்கம்.

எல்லா எஃகுக்கும் தாது வேண்டும் என்று நினைப்பது

தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.6 டன் தாது போகும். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்குத் தாதுவே வேண்டாம். ஊதுலையை அணைத்து மறுபடி மூட்டுவது பெரும்பாடு, மின் உலையைச் சட்டென்று நிறுத்தலாம். மந்தம் வந்தால் முதலில் எது நிற்கும் என்று யோசித்துவிட்டு அப்புறம் சதவீதம் போடுங்கள்.

துறைமுக இருப்பைப் பார்க்காமல் விடுவது

2024இல் சீன எஃகு குறைந்தது; தாது இறக்குமதி 120 கோடி டன்னைத் தாண்டி உச்சம் தொட்டது. அதில் ஒரு பங்கு உலைக்குப் போகாமல் துறைமுகத்தில் குவிந்தது. இருப்பைப் பார்க்காவிட்டால் அதையும் உலைக்குப் போனதாக எண்ணிவிடுவீர்கள்.

ஈர டன், உலர் டன்

தாது விலை ஈரத்தைக் கழித்த உலர் டன்னுக்கு, கப்பல் கட்டணம் ஈரத்தோடு சேர்த்த ஈர டன்னுக்கு. கலக்காதீர்கள்.