பழைய ஆசிலாஸ்கோப்பில் நாப் தகராறா? ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

நாபைத் திருப்பினால் ட்ரேஸ் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கோடு) துள்ளுகிறது, ஒரு குறிப்பிட்ட கிளிக்கில் மட்டும் அலை காணாமல் போகிறது, நாபை லேசாக ஆட்டினால் திரும்பி வருகிறது. செகண்ட் ஹேண்ட் அனலாக் ஸ்கோப் வாங்கியவர்கள் எல்லோரும் புலம்புவது இதைத்தான். பெரும்பாலும் காரணம் அழுக்கு, பார்ட் போனது இல்லை. 1970களில் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பான டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ வைத்தே சொல்கிறேன்.

முதலில், கோளாறு நிஜமா என்று பாருங்கள். வோல்ட்ஸ்/டிவ் நாபின் (திரையில் ஒரு கட்டம் எத்தனை வோல்ட் என்று தீர்மானிப்பது) நடுவில் சிவப்பாக ஒரு சின்ன வேரியபிள் நாப் இருக்கும். அதை வலது கடைசி வரை திருப்பி, கிளிக் ஆக வேண்டும். அது நகர்ந்திருந்தால் எல்லா அளவும் தப்பாகத்தான் வரும், ஸ்கோப்பைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, முன்பக்கத்திலேயே இருக்கும் கேலிப்ரேட்டர், அதாவது சோதித்துப் பார்க்க ஸ்கோப்பே தரும் அலை. 300 மில்லிவோல்ட், சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. 1எக்ஸ் ப்ரோபில் (அலையைக் குறைக்காமல் அப்படியே கொண்டுவரும் அளவு வயர்) கொடுத்தால் 50 மில்லிவோல்ட் நிலையில் 6 கட்டம், 0.1 வோல்ட்டில் 3 கட்டம், 0.2 வோல்ட்டில் ஒன்றரைக் கட்டம் உயரம் வர வேண்டும். ஒவ்வொரு கிளிக்கிலும் என்ன வருகிறது, ஆட்டினால் மாறுகிறதா என்று தாளில் எழுதுங்கள். ஒரே காண்டாக்ட் பல நிலைகளில் வேலை செய்யும் என்பதால், எந்தெந்த நிலைகள் சேர்ந்து கெடுகின்றன என்பதே பாதி விடை. ஸ்கோப்பின் இரண்டு சேனலிலும் (இன்புட்டிலும்) ஒரே மாதிரி தப்பு வந்தால் ஸ்விட்சை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

இப்போது ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிக்சர் ட்யூபுக்குப் போகும் பக்கம் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது, அந்தத் தடித்த வயர் பக்கமே கை போகக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்து, பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

நாபைக் கழற்ற வேண்டியிருந்தால் இன்ச் அளவு ஆலன் கீ வேண்டும்: பெரிய நாபுக்கு 1/16 இன்ச், சின்னதுக்கு 0.050 இன்ச். 1.5 மில்லிமீட்டர் கீ உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் ஸ்க்ரூ குழியின் மூலைகளை மழித்துவிடும், அப்புறம் ஒரு நாபுக்காக ஒரு நாள் போகும்.

465-ன் அட்டெனுவேட்டர் ஸ்விட்ச் (வோல்ட்ஸ்/டிவ் நாப் திருப்புவது, உள்ளே வரும் அலையைக் குறைப்பது) கேம் வகை. நாபோடு சுழலும் பிளாஸ்டிக் உருளையின் மேடுபள்ளங்கள், வரிசையாக இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் விரல்களை போர்டில் உள்ள தங்க முலாம் பூசிய இடத்தில் அழுத்தும், தூக்கும். இங்கே காண்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சாதீர்கள். எண்ணெய்ப் பசை போர்டில் தங்கி மின்கசிவை உண்டாக்கும், அடுத்த வருஷத்துத் தூசியும் அதில்தான் வந்து ஒட்டும். சாதாரண வெள்ளைத் தாளில் ஸ்பிரிங் விரலைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு பட்டை வெட்டி, முனையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். காண்டாக்ட் திறந்திருக்கும் நிலையில் உள்ளே நுழைத்து, நாபைத் திருப்பி மூடவிட்டு, விரல் நீண்டிருக்கும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் விரல் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்துவது நரக வேலை. பட்டையில் சாம்பல் நிறக் கோடு விழும். அது விழுவது நிற்கும் வரை புதுப் பட்டையோடு திரும்பச் செய்யுங்கள். உப்புத்தாள், பஞ்சு இரண்டும் வேண்டாம்: முதலாவது தங்கத்தைச் சுரண்டும், இரண்டாவது நாரை விட்டுப்போகும்.

பொசிஷன் (ட்ரேஸை நகர்த்தும் நாப்) மாதிரி சுழலும் பாட்களுக்கு, அதாவது திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பொட்டென்ஷியோமீட்டர்களுக்கு, விதி வேறு, அங்கே கிளீனர் சரி. டெர்மினல் பக்கத்து இடைவெளியில் குழாய் முனையை வைத்து ஒரு துளி விட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு இருபது முப்பது தடவை சுழற்றுங்கள். பிறகு நடுக்காலுக்கும் ஒரு ஓரக்காலுக்கும் இடையே ஓம்ஸ் வைத்து மெதுவாகத் திருப்புங்கள், இதற்கு முள் மீட்டர்தான் வசதி. சர்க்யூட்டிலேயே அளப்பதால் எண்ணை நம்ப வேண்டாம், முள் குதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்போதும் குதித்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஸ்விட்சோடு சேர்ந்த வேரியபிள் பாட்டெல்லாம் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், செத்த ஸ்கோப் ஒன்றைப் பார்ட்ஸுக்காக வாங்குவதே சுலபம்.

நன்றாக உலரவிட்டு மூடியைப் போட்டு, பழைய தாளை வைத்துக்கொண்டு அதே கிளிக்குகளைத் திரும்ப ஓட்டுங்கள். உயரமெல்லாம் சரியாக வந்து, சில நிலைகளில் மட்டும் சதுர அலையின் மூலை மழுங்கியோ கூராகவோ தெரிந்தால், அது அழுக்கில்லை, காம்பன்சேஷன் ட்ரிம்மர் (அலையின் வடிவத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகு). சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் அதைத் திருப்பாதீர்கள்.