பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைப் புதுப்பிப்பது எப்படி? பெயிண்ட் கடைசியில்தான்

வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் எழும் முதல் ஆசை, பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். வயரிங்கில் எதை மாற்றினாலும் நாளைக்கே பழையபடி ஆக்கிவிடலாம். சுரண்டிய பெயிண்ட் திரும்பி வராது. 1950, 60களின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் ஒரிஜினல் பெயிண்ட் போனால் விலை பாதியாகக்கூடச் சரிந்துவிடும்.

அதனால் முதல் வேலை, வயதைப் பார்ப்பது. பிக்கார்டை (முன்பக்கத்தில் திருகியிருக்கும் தகடு) கழற்றி, வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 1376633 என்று இருந்தால் 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 வருடம், 33 வாரம். அதாவது அந்த பாட் 1966-இன் 33-வது வாரத்தில் செய்யப்பட்டது. யாரும் பாட்டை மாற்றவில்லை என்றால் கிட்டார் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். இப்படி ஒரு கிட்டார் கிடைத்தால் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து.

அடுத்து சத்தம். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பிக்கப். பொதுவாக சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) 7 முதல் 9 வரை. பிக்கப்பின் அளவு வராமல் பாட்டின் மதிப்பு மட்டும் காட்டினால், காயில் அறுந்திருக்கலாம். அதையும் தூக்கிப் போட வேண்டாம், திரும்பச் சுற்றிக்கொள்ளலாம்.

குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா? கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் புது பாட் போடலாம்: சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் வயரிங்கை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பெயிண்ட் உறுத்தினால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றி, நெக் உட்காரும் குழியில் ஒரு சொட்டு லாக்கர் தின்னர் வையுங்கள். பெயிண்ட் பிசுபிசுத்தால் அது நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். பெயிண்ட் ஸ்ட்ரிப்பர் போதும். நைட்ரோ சட்டென்று தீப்பிடிக்கும், அதன் மேல் ஹீட் கன் காட்டவே கூடாது. சொட்டு அப்படியே நின்றால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதை ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, தகட்டால் நெம்பினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ரெஸ்பிரேட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

மரம் தெரிந்ததும் 120, 180, 220 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி, நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஆஷ், மஹோகனி மரங்களில் நுண்துளைகள் அதிகம், அவற்றை அடைக்கும் கிரெயின் ஃபில்லர் கட்டாயம். ஆல்டர் மரத்துக்கு சீலர் போதும். நெக் குழியை டேப்பால் மூடிவிடுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் சரியாக உட்காராது.

ஸ்ப்ரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். மெல்லிய பூச்சாகப் பல முறை. ஈரக்காற்று நாளில் அடித்தால் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். நைட்ரோ இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். மூக்கை வைத்துப் பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

பிறகு 1000, 1500, 2000 உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. இங்கேதான் நான் மாட்டினேன். ஸ்க்ரூ ஓட்டைகளை அடைக்காமல் தேய்த்தேன். தண்ணீர் உள்ளே இறங்கி, மரம் ஊதி, மறுநாள் காலை ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் முடி போல விரிசல். மூன்று வார உழைப்பு! ஓட்டைகளில் மெழுகை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட் தேய்த்தால் பளபளப்பு வரும்.

திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்'கென்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு முடுக்குங்கள். பிரிட்ஜுக்கு (பாடியில் கம்பிகள் உட்காரும் பாகம்) அடியில் போகும் எர்த் வயரையும் மறக்காதீர்கள். ஆம்ப்பைப் போட்டு, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் எல்லாம் சரி. தொட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த வயர் விட்டுப்போயிருக்கலாம், பிரிட்ஜை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.