9 எம்எம்மோ .45ஓ? கைத்துப்பாக்கி உதைப்பைப் பவுண் கணக்கில பாக்கிற விதம்

போன ஆவணி ஊருக்கு வந்து நிண்ட அக்கான்ர மகன் ரொறொன்ரோவில புதுசா ஒரு ரேஞ்சுக்கு, அதுதான் துவக்குச் சுட்டுப் பழகுற இடத்துக்கு, போய்வாறவன், ஒட்டுசுட்டான் வீட்டு விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டான், மாமா 9 எம்எம்மில பழகுறதோ .45இல பழகுறதோ, எது கூட உதைக்கும் எண்டு. ரெண்டும் கைத்துப்பாக்கி ரவையின்ர அளவுகள். நானும் பதினாலு வருசம் அங்க இருந்து கிளப் ஒண்டில சுட்டுப் பழகினவன், இப்ப இஞ்ச வயலோட நிக்கிறன். அண்டைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுறன், ஏனெண்டா வெளியில போன எங்கட பெடியள் கனபேர் இதையேதான் கேக்கினம், படத்தில பாத்துப்போட்டு பெரிய துவக்காத் தூக்கி, மணிக்கட்டு நொந்து, கண்ணைப் பூட்டிக்கொண்டு சுடுற பழக்கம் வந்து, ரெண்டு மாசத்தில விட்டிடுகினம்.

வன்னியில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு முதல் ஒரு விசயம். இஞ்ச துவக்குக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, பயிரைக் காக்க விவசாயிக்குக் குடுக்கிற சொட்கன் லைசனுக்கே கச்சேரிக்கு நடக்க வேணும், வருசா வருசம் புதுப்பிக்க வேணும், கைத்துப்பாக்கி எண்டா அது பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போற அலுவல். அதால இது அனுமதியோட ரேஞ்சில சுடுற ஆக்களுக்கு எழுதுறது. இன்னொண்டும் கட்டாயம் சொல்ல வேணும், வயல் கொத்தேக்க, கிணறு இறைக்கேக்க கறள் பிடிச்ச ரவையோ வேற ஏதும் இரும்போ கண்டா குனிஞ்சு எடுத்து "இது என்ன அளவு" எண்டு பாக்கிற வேலை வேண்டாம். பழைய வெடிமருந்து எப்பிடி இருக்குமெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. இடத்தை அடையாளம் வச்சிட்டு விலகி வந்து பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுற ஆக்களுக்கோ சொல்லுங்கோ. பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ.

சரி, உதைப்புக்கு வருவம். சன்னம், அதுதான் ரவையில இருந்து பறந்து போற குண்டு, முன்னுக்குப் போற அளவுக்குத் துவக்கு பின்னுக்கு வரும், அவ்வளவுதான் கணக்கு. சன்னத்தின்ர எடையை ரவைப் பெட்டியில கிறெயின் எண்டு போட்டிருப்பாங்கள், அது எங்களுக்கு மனசில நிக்காது, ஆனா பவுண் எண்டா நிக்கும் தானே. ஒரு பவுண் 8 கிராம். 9 எம்எம் ரவையில 124 கிறெயின் சன்னம் எண்டா கிட்டத்தட்டச் சரியா ஒரு பவுண். .22 எல்ஆர் 40 கிறெயின், அது மூண்டில ஒரு பவுண். .380 முக்கால் பவுண், .38 ஸ்பெஷலும் .357 மக்னமும் 158 கிறெயின் எண்டா ஒண்டேகால் பவுண், .40 180 கிறெயின் ஒண்டரைக்குக் கொஞ்சம் கிட்ட, .45 230 கிறெயின் ஏறக்குறைய ரெண்டு பவுண். இதைச் சொன்ன உடன அக்கா குசினிக்குள்ள இருந்து "எங்க, காப்பைக் கழட்டித் தரட்டோ" எண்டு கேட்டா, உண்மையா அவவின்ர ரெண்டு பவுண் காப்பைப் பெடியன்ர கையில வச்சுத்தான் விளங்கப்படுத்தினனான்.

ஆனா எடை பாதிக்கணக்குத்தான், வேகமும் வேணும். .45 ரெண்டு பவுண் எண்டாலும் செக்கனுக்கு 255 மீற்றர் அளவிலதான் போகும், 9 எம்எம் ஒரு பவுணை 350 மீற்றர் வேகத்தில தள்ளுது. இப்ப சன்னத்தின்ர கிராமை வேகத்தால பெருக்கி, அதைத் துவக்கின்ர எடையால, அதுவும் கிராமில, பிரிச்சுப் பாருங்கோ, துவக்கு உங்கட கைக்குள்ள எந்த வேகத்தில பின்னுக்கு வருமெண்டு செக்கனுக்கு இத்தனை மீற்றர் எண்டு வரும். வெடிமருந்துப் புகையும் தன்ர பங்குக்குத் தள்ளும், அதை இதில சேர்க்கேல்ல, ஒண்டோட ஒண்டை ஒப்பிட இது காணும்.

குளொக் 17 எண்ட 9 எம்எம் பிஸ்டல் ரவை நிரப்பினா ஏறக்குறைய 900 கிராம். 8 தர 350, 2800, 900ஆல பிரிச்சா மூண்டுக்குக் கொஞ்சம் மேல. உருக்கில செய்த 1911 எண்ட பிஸ்டல், .45 ரவை நிரப்பி ஒண்டேகால் கிலோ வரும், 15 தர 255 கிட்டத்தட்ட 3800, அதை 1250ஆல பிரிச்சாலும் மூண்டுதான்! இதைத்தான் கனபேர் நம்பமாட்டினம். கூடின பாரம் அதே வேகத்தில வாறதால .45இன்ர மொத்தத் தள்ளு பெரிசுதான், ஆனா பாரமான துவக்கில அது மெதுவா, ஆள் தோளில கை வச்சுத் தள்ளின மாதிரி வரும், 9 எம்எம் சுள்ளெண்டு ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடும். எது சுகம் எண்டது ஆளை ஆள் மாறும், எனக்கு 1911இன்ர தள்ளுதல் தான் பிடிக்கும், மருமகனுக்குத் தட்டு பிடிச்சிருக்கு.

இப்ப அதே 9 எம்எம் ரவையை பொக்கற்றுக்குள்ள வைக்கிற 600 கிராம் குட்டிப் பிஸ்டலில போட்டுக் கணக்குப் பாருங்கோ, நாலரைக்கு மேல ஏறிடும். சின்னத் துவக்கு சின்னனா உதைக்குமெண்டு நினைச்சு வாங்கிற ஆக்கள், அதுவும் தங்கட மனுசிமாருக்கெண்டு வாங்கிக் குடுக்கிற ஆக்கள், இதிலதான் பிழைவிடுறது. பிடி கட்டை, சின்னி விரலுக்கு இடமில்லை, பாரமும் இல்லை, முழு உதைப்பும் பெருவிரல் அடியில வந்து குத்தும். இன்னும் மோசம் அரைக்கிலோ பாரமுள்ள குட்டி றிவோல்வரில .357 மக்னம் போடுறது, அது ஆறைத் தாண்டும், நான் ஒரே நாள் அஞ்சு ரவை சுட்டுப்போட்டு அடுத்தநாள் கோப்பையைப் பிடிக்கக் கஷ்டப்பட்டனான். .357 றிவோல்வர் வச்சிருக்கிறவைக்கு ஒரு வழி இருக்கு, அதுக்குள்ள .38 ஸ்பெஷல் ரவையைப் போட்டுச் சுடலாம், பேர் வேறயே தவிர ரெண்டு சன்னத்தின்ர விட்டமும் ஒண்டுதான், உதைப்பு நல்லாக் குறையும். மறுவளமாச் செய்யக்கூடாது, .38 துவக்கு .357இன்ர அமுக்கத்தைத் தாங்கச் செய்ததில்லை.

.40 பற்றி கனக்கச் சொல்ல மாட்டன். 1986இல மயாமியில எஃப்பிஐ ஆக்கள் ரெண்டுபேர் செத்த சண்டைக்குப் பிறகு அவை பெரிய ரவை தேடிப்போய், அதில இருந்து 1990இல .40 வந்தது, பேந்து அவையே திரும்ப 9 எம்எம்முக்கு வந்திட்டினம், வேகமா அடுத்தடுத்துச் சுடேக்க 9இல குறி நிக்குது எண்டதும் ஒரு காரணம். .44 மக்னம் கிழமைக்குக் கிழமை சுடுற சாமானில்லை.

அப்பாட்ட இருந்த லைசன் சொட்கன் ஞாபகத்தில சிலபேர் கேப்பினம், பன்னிரண்டு போர் (12 bore) சொட்கனையே தாங்கின எங்களுக்குக் கைத்துப்பாக்கி ஒரு பொருட்டோ எண்டு. பன்னிரண்டு போர் தோட்டாவுக்குள்ள நாலு பவுண் ஈயம் இருக்கும், உண்மையில அது இதில பலதையும் விடக் கூட உதைக்கும். ஆனா அது தோளில இருந்து முழு உடம்புக்கும் போகுது, மூண்டு கிலோத் துவக்கு. பிஸ்டலுக்கு உங்கட மணிக்கட்டும் முழங்கையும் மட்டும்தான், அதோட பரல் கைக்கு மேல இருக்கிறதால துவக்கு நேர பின்னுக்கு வராமல் வாயை மேல தூக்கும். பன்றிக்கு வெடி வச்ச அனுபவம் இதுக்கு உதவாது, எனக்கும் உதவேல்ல.

அதால பிடிக்கிற விதம் ரவையின்ர அளவை விட முக்கியம். சுடுற கை பிடியில எவ்வளவு மேல போக ஏலுமோ அவ்வளவு மேல, ஆனா சிலைட், அதுதான் துவக்கின்ர மேல்பாகம், பின்னுக்கு வாற பாதையில கைச்சதை நிக்கக்கூடாது, வெட்டிப்போடும். மற்றக் கையால மிச்ச இடத்தை முழுக்க மூடிப் பொத்தி இறுக்குங்கோ, பிடிப்பில பெரும்பங்கு இந்தக் கைக்குத்தான், சுடுற கையை இறுக்கினா விசைவிரலும் சேர்ந்து விறைச்சிடும். ரெண்டு பெருவிரலும் ஒரே பக்கத்தில முன்னுக்குப் பாக்க வேணும், றிவோல்வர் எண்டா பெருவிரலை ரவை இருக்கிற சிலிண்டருக்கு முன்னால உள்ள இடைவெளிக்குக் கிட்டவும் கொண்டுபோகப்படாது, சூட்டுப் புகை அதாலதான் பாயும். மண்வெட்டி பிடிச்சு வரம்பு வெட்ட நிக்கிற மாதிரி கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்சு நில்லுங்கோ, பின்னுக்கு வளைஞ்சு நிண்டா ஒவ்வொரு வெடிக்கும் ஆட்டம் காணும்.

காது. இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன். ஒரு பிஸ்டல் வெடி 155 டெசிபலுக்கு மேல, 140க்கு மேல போனா ஒரு வெடியே காதைக் கெடுக்கக் காணும். 2009இல செல் சத்தத்தில போன காதோட எங்கட ஆக்கள் எத்தினை பேர் இண்டைக்கும் "என்ன சொன்னனி" எண்டு கேட்டுக்கொண்டு இருக்கினம், அந்தக் காதின்ர அருமை எங்களுக்குத் தெரியும். உள்ளுக்கு அடைப்பான், அதுக்கு மேல காதை மூடுற மஃப், ரெண்டும் போடுங்கோ, கண்ணாடியும் போடுங்கோ. சத்தம் குறைய உதைப்பும் குறைஞ்ச மாதிரி இருக்கும், பயத்தில பாதி சத்தத்தாலதான் வாறது. முடிஞ்சு வந்தா சாப்பிட முதல் சோப் போட்டுக் கையைக் கழுவுங்கோ, ஈயத்தூள் ஒட்டியிருக்கும், அந்த உடுப்போட பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

கனடாவில 2022 ஒக்ரோபர் 21இல இருந்து சாதாரண ஆக்கள் கைத்துப்பாக்கி வாங்கவோ கைமாத்தவோ ஏலாது, ரேஞ்சில இருக்கிறதை அவையின்ர மேற்பார்வையில வாடகைக்குச் சுடுறதுதான் புதுசா வாறவைக்கு வழி. அது ஒப்பிட்டுப் பாக்க நல்லதுதான். ஒரே நாளில .22இல முப்பது ரவை சுடுங்கோ, பேந்து முழு அளவு 9 எம்எம்மில இருபது, ஆசை எண்டா உருக்கு .45இல ஏழு, திரும்ப .22இல பத்து. தூரம் 10 மீற்றருக்குள்ள வையுங்கோ. கடைசிப் பத்தின்ர ஓட்டையள் முதல் சுட்டதை விடப் பரவிப்போய் இருந்தா, பெரிய ரவை உங்களுக்குப் பயத்தைப் பழக்கிவிட்டிட்டுது எண்டு அர்த்தம். உறுதிப்படுத்த, பக்கத்தில நிக்கிற பயிற்சியாளரைக் கொண்டு மகசீனுக்குள்ள உங்களுக்குத் தெரியாமல் ரெண்டு வெடிக்காத டம்மி ரவை கலந்து போடச் சொல்லுங்கோ, டம்மியில விசையை இழுக்கேக்க துவக்கின்ர வாய் கீழ குத்தினா நீங்கள் வெடிக்க முதலே உதைப்பை எதிர்பாத்து அமத்துறியள். ஒலிம்பிக்கில 25 மீற்றர் பிஸ்டல் சுடுறவையே .22இலதான் சுடுகினம், 10 மீற்றர் எண்டா உதைப்பே இல்லாத காத்துப் பிஸ்டல், அதால .22இல நிக்கிறதில ஒரு குறையும் இல்லை.

மார்கழியில பெடியன் ரெண்டு கடதாசியைப் படம் எடுத்து அனுப்பினவன். .22இன்ர ஓட்டையள் எல்லாம் ஒரு சோசர் அளவுக்குள்ள, 9 எம்எம்மில முதல் பதினைஞ்சும் பிழையில்லை, கடைசி அஞ்சு மட்டும் இடப்பக்கம் கீழ இறங்கிக் கிடக்கு, வலக்கைக்காரன் உதைப்பை எதிர்பாத்து அமத்தினா அங்கதான் போகும். அடுத்த ரெண்டு கிழமையும் .22ஓட மட்டும் போ, 9ஐத் தொட்டா பதினைஞ்சோட நிப்பாட்டு எண்டு எழுதியிருக்கிறன்.